அறிவியலில் 82 வாங்கினால் டாக்டருக்குத்தான் படிக்க வேண்டுமா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். மகன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான், அறிவியலில் 82.

“பய நல்லாத்தான் படிக்கான். ஆனா லீவு விட்டா அப்பாகூட பட்டறையிலதான் கெடக்கான். நீட் கோச்சிங்கோட சேர்ந்த ஒரு பிரைவேட் ஸ்கூல்ல பயாலஜி குரூப்புல போடுன்னு எங்க அண்ணன் சொல்லுதாவ. பாதிப் பணம் தாறேன்னும் சொல்லுதாவ. மிச்சத்துக்கு நகையை வச்சிரலாம்னு இருக்கேன். பயலுக்கு இஷ்டமில்ல. நான் என்ன செய்யட்டும்?”

அம்மா, 82 நல்ல மதிப்பெண். பையன் தப்பான வழியில் போகவில்லை. ஆறுதலாக என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இனி சொல்வது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

பத்தாம் வகுப்பு அறிவியல் என்பது ஒரே பாடம் போலத் தெரியும். உள்ளே 23 அலகுகள் இருக்கின்றன: இயற்பியல் ஆறு, வேதியியல் ஐந்து, தாவரமும் விலங்கும் உடல்நலமும் சேர்ந்த உயிரியல் பதினொன்று, கடைசியில் கணினி ஒன்று. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எல்லாவற்றையும் கூட்டிப் போட்டுத்தான் 82 வருகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இவன் டாக்டர் ஆவான் என்றும் சொல்ல முடியாது, ஆக மாட்டான் என்றும் சொல்ல முடியாது. எந்த அலகில் வாங்கினான் என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நீங்கள் அனுப்பிய அரையாண்டு விடைத்தாள் படங்களை நான் பார்த்தேன். குவிலென்சுக்கு ஸ்கேல் வைத்துக் கதிர்ப்படம் வரைந்திருக்கிறான். அம்புக்குறி ஒன்றுகூட விடவில்லை. மின்னோட்டக் கணக்கில் ஒவ்வொரு வரியிலும் அளவீட்டு அலகு எழுதியிருக்கிறான். அடுத்த பக்கத்தில் இதயத்தின் படம் அரைகுறையாக நிற்கிறது, பாகங்களுக்குப் பெயரில்லை. மரபியல் கேள்விக்கு நாலு வரி, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஒரே பையன், ஒரே தேர்வு, ஒரே நாள். அவனுக்கு இஷ்டமில்லை என்று வாயால் சொன்னதைத்தான் பேனாவாலும் எழுதியிருக்கிறான்.

நீட் தேர்வின் மொத்த மதிப்பெண் 720. அதில் 360 உயிரியலுக்கு. அதுவும் பத்தாம் வகுப்பு அளவில் இல்லை, +1, +2 இரண்டு வருடப் பாடமும் வரி வரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்காத பாடத்தில் பாதித் தேர்வை எழுதச் சொல்லி ஒரு பிள்ளையை இரண்டு வருடம் அடைத்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். நகையை வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆறாம் வகுப்பு முதல் +2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிலும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அவனுக்குப் பொருந்தும். +1-க்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவை எல்லாம் போய்விடும். டாக்டராக்க வேண்டும் என்ற ஆசையிலேயே டாக்டர் சீட்டுக்கான சலுகையைக் கைவிடுகிறீர்கள். இதை உங்கள் அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பொறியியல், பாலிடெக்னிக், நர்சிங் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

கொச்சியில் சிஃப்நெட் என்று ஒரு மத்திய அரசு நிறுவனம் 1963 முதல் இயங்குகிறது. மீன்பிடிக் கப்பல்களை ஓட்டவும் அவற்றின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தயார் செய்வதுதான் அதன் வேலை. சென்னை ராயபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே இரண்டு வருடப் படிப்புகள் இரண்டு: ஒன்று எஞ்சின் வேலைக்கான மெரைன் ஃபிட்டர், மற்றது கப்பல் ஓட்டுவதற்கான வெசல் நேவிகேட்டர். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும். நுழைவுத் தேர்வும் பத்தாம் வகுப்பு அளவில்தான். பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. நம் கரையிலிருந்து கொச்சி ரயிலில் அரை நாள் தூரம்தான். ஆனாலும் இந்தப் பெயரைத் தெரிந்த பெற்றோரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

உங்கள் பையனுக்கு நான் நினைப்பது மெரைன் ஃபிட்டர். டீசல் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது, லேத், வெல்டிங், மீனைக் கெடாமல் வைக்கும் குளிரூட்டும் இயந்திரம், வலை இழுக்கும் வின்ச், படகின் மின் இணைப்புகள் எல்லாம் அதில் வரும். அவன் படித்து முடித்த புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். வெப்பவியல் அலகில் பாயில் விதி படித்தான். வெப்பநிலை மாறாமல் இருந்தால் அழுத்தம் கூடக்கூடப் பருமன் குறையும். டீசல் எஞ்சினில் காற்றை நெருக்கும் வேகத்துக்கு வெப்பம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. டீசல் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்று சூடாகிறது, தீப்பொறி பிளக் தேவைப்படுவதில்லை. வேதியியலில் உலோகம் அரிப்பதைப் படித்தான். உப்புத் தண்ணீரில் கிடக்கும் கப்பலின் இரும்பு ஹல்லில், அதாவது வெளி உடலில், துத்தநாகக் கட்டியைப் பொருத்தி வைப்பார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நேவிகேட்டர் படிக்கிறவனுக்கு ஒலியியல் கைகொடுக்கும். கடல் நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவி அனுப்பிய ஒலி 0.2 நொடியில் திரும்பினால் ஆழம் 150 மீட்டர். போக வர இரண்டு தூரம் என்பதால் பாதியாக்க வேண்டும், பையன்கள் தேர்வில் மறந்துவிடுவது இதைத்தான்.

“இதை அவங்க அப்பாகிட்டயே படிக்கலாமே” என்பீர்கள். அப்பாவின் கை பெரிய சொத்துதான். ஆனால் பட்டறை சான்றிதழ் தராது. இந்தப் படிப்பை முடித்து, கடலில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்த பிறகு, மீன்பிடிக் கப்பல் எஞ்சின் டிரைவர், அதற்கு மேல் எஞ்சினியர் என்று மத்திய அரசு நடத்தும் தகுதித் தேர்வுகளை எழுதலாம். தூத்தூர், வள்ளவிளை ஆழ்கடல் படகுகளை ஒருமுறை போய்ப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட எஞ்சின்களுக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்று தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: சரக்குக் கப்பல் வேலைக்கு இந்தச் சான்று மட்டும் போதாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்த வேலையை வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள்.

கடல் என்றதும் உங்களுக்கு வயிறு கலங்கும். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தப் பயம் இல்லாத தாய் இல்லை. அதை நான் லேசாகப் பேச மாட்டேன். ஃபிட்டர் படித்தவன் துறைமுகப் பட்டறையிலும் படகு கட்டும் தளத்திலும் கரையிலேயே வேலை பார்க்கலாம். ஆனால் பயிற்சியில் கடலுக்குப் போயே ஆக வேண்டும். அதனால் அவனிடம் நேராகக் கேளுங்கள், மாமா இல்லாத நேரத்தில். எஞ்சின் பிடிக்கும், கடல் பிடிக்காது என்று சொன்னால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம். நான் சொன்னேன் என்பதற்காக அவனை அனுப்பக் கூடாது.

அப்போது அதே அரசுப் பள்ளியில் கணக்கு, கணினி அறிவியல் குரூப்பில் சேரட்டும். +2 முடித்தபின் மனம் மாறினால், அதே சிஃப்நெட்டில் நான்கு வருட நாட்டிகல் சயின்ஸ் (கப்பல் ஓட்டும் அறிவியல்) பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்குக் கணக்கு படித்திருக்க வேண்டும். இப்போதே ஃபிட்டருக்குப் போனால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக +2 தேர்வையும் எழுதி வைப்பது நல்லது.

சிஃப்நெட் இணையதளத்தில் இந்த ஆண்டு அறிவிப்பையும் வயது வரம்பையும் கடைசித் தேதியையும் பாருங்கள். மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்து வையுங்கள், கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இடம் உறுதியாகும் வரை பள்ளியில் டிசி மட்டும் வாங்காதீர்கள். யார் வந்து கூப்பிட்டாலும் சரி.