வரி ஏறியதால் நாலாகக் குறைத்துவிட்டேன். அளவோடு புகைத்தால் ஆபத்தா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. 20 வயதிலிருந்து சிகரெட் பிடிக்கிறேன். முன்பு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது 20. வரி ஏற ஏற விலையும் ஏறியதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது நாலோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் ‘லைட்ஸ்’ வகைதான். பாக்கெட்டாக வாங்கினால் தீர்த்துவிடுவேன் என்று ஒவ்வொன்றாக வாங்குகிறேன். வீட்டுக்குள் பிடிப்பதில்லை, பால்கனியில் மட்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளியோடு இருமல் வருகிறது. என் மனைவி அடியோடு விடச் சொல்கிறாள். இவ்வளவு கெடுதல் என்றால் அரசுகள் தடை செய்யாமல் ஏன் வரி வாங்கிக்கொண்டு விற்க அனுமதிக்கின்றன? சட்டப்படி விற்கிற பொருளை அளவோடு பயன்படுத்தினால் என்ன தவறு? நான் கட்டும் வரி என் வைத்தியச் செலவுக்கும் சேர்த்துத்தானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இருபதிலிருந்து நாலுக்கு வந்தது லேசான காரியம் இல்லை. பலருக்கு அந்தப் பாதித் தூரம்கூட முடிவதில்லை. அவ்வளவு தூரம் வந்தவருக்கு மீதி நாலையும் விட முடியும் என்று நம்புகிறேன். விட்டே ஆக வேண்டும் என்பதுதான் உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இதயம். புகைப்பதைக் குறைத்தால் ஆபத்தும் அதே கணக்கில் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. இதயமும் மூளை ரத்தக் குழாய்களும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 141 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. தினமும் 20 சிகரெட் பிடிப்பவருக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்ட பாதி, தினமும் ஒன்றே ஒன்று பிடிக்கும் ஆணுக்கும் கூடுகிறது. கொஞ்சம் புகை பட்டாலே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. ரத்தக் குழாயின் உள்பூச்சு விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. இந்தப் பாதிப்புக்கு நாலு சிகரெட் தாராளம். ஆக, சிகரெட்டில் ஐந்தில் நாலு பங்கைக் குறைத்திருக்கிறீர்கள். இதயத்துக்கான ஆபத்து அந்த அளவுக்குக் குறையவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. பிறகு ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. இருபது சிகரெட்டுக்குப் பழகிய மூளை நாலிலிருந்தே தன் பங்கைக் கறக்கப் பார்க்கும். அதனால்தான் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொரு இழுப்பையும் ஆழமாக இழுக்கிறார்கள், புகையைக் கூடுதல் நேரம் உள்ளே நிறுத்துகிறார்கள், பஞ்சு வரை விடாமல் பிடிக்கிறார்கள். உங்கள் அடுத்த சிகரெட்டில் இதைப் பாருங்கள். எந்த இடத்தில் அணைக்கிறீர்கள்? 20 பிடித்த காலத்தில் எந்த இடத்தில் அணைத்தீர்கள்?

‘லைட்ஸ்’ என்பதும் இங்கேதான் ஏமாற்றுகிறது. பஞ்சைச் சுற்றியுள்ள காகிதத்தைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வரிசையாக ஊசிமுனை அளவு துளைகள் தெரியும். தார், நிகோடின் அளவைச் சோதிக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடி, 35 மில்லிலிட்டர் என்று ஒரே சீராக இழுக்கும். அந்தத் துளைகள் வழியே வெளிக்காற்று நுழைந்து புகையோடு கலப்பதால் அளவு குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போது உதடும் விரலும் அதே துளைகளை மூடிவிடுகின்றன. மூடாவிட்டாலும் இழுப்பு பலமாகிறது. உள்ளே போகும் புகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆழமாக இழுப்பதால் புகை நுரையீரலின் ஓரங்கள் வரை போய், அங்கே உண்டாகும் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் அதிகமானதற்கு இந்தத் துளை வைத்த ஃபில்டர்களும் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்கிறது. பல நாடுகள் ‘லைட்’, ‘மைல்டு’ போன்ற பெயர்களையே பாக்கெட்டில் அச்சிடக் கூடாது என்று தடுத்திருக்கின்றன.

இனி உங்கள் சட்டக் கேள்வி. சிகரெட் சட்டப்படி விற்கப்படுவது, யாரோ அதைப் பரிசோதித்து ‘அளவோடு பயன்படுத்தலாம்’ என்று சான்று கொடுத்ததால் இல்லை. ஆபத்து தெரிவதற்கு முன்பே அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது, அவ்வளவுதான். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் ஆய்வு 1950-ல் அழுத்தமாகக் காட்டியது. அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 1964-ல்தான் வந்தது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் அடிமையாகிவிட்டார்கள். ஏறக்குறைய 7,000 வேதிப்பொருள்களும், அவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை 70 வரையிலும் கொண்ட ஒரு பொருளை இன்றைக்குப் புதிதாக யாராவது சந்தைக்குக் கொண்டுவந்தால், எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே நாளில் தடை செய்வதும் எளிதில்லை. பூட்டான் 2004-ல் புகையிலை விற்பனையைத் தடை செய்தது. எல்லை வழியே கள்ளக் கடத்தல் நிற்கவே இல்லை. கொரோனா காலத்தில் அந்தக் கடத்தலே தொற்றுக்கு வழியாகும் என்று பயந்து 2021-ல் விற்பனையை மீண்டும் அனுமதித்தார்கள். மாலத்தீவு வேறு வழியில் போகிறது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அங்கே எந்தக் காலத்திலும் புகையிலை விற்கக் கூடாது; 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே அடிமையானவர்களைக் குற்றவாளியாக்காமல் அடுத்த தலைமுறையைக் காப்பாற்றும் இந்த யோசனை ஒரு மருத்துவராக எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரும்பாலான நாடுகள் எடுத்திருப்பது நடு வழி. 2003-ல் ஏற்கப்பட்டு 2005-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. வரி, பொது இடத் தடை, எச்சரிக்கைப் படம், விளம்பரத் தடை எல்லாம் அதில் வருகின்றன. சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. விலை 10 சதவீதம் ஏறினால் வசதியான நாடுகளில் புகைப்பது 4 சதவீதமும், மற்ற நாடுகளில் 5 சதவீதமும் குறைகிறது. விலை ஏறியதால் குறைத்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வரி உங்களிடம் எதிர்பார்த்தது அதைத்தான். கருவூலத்துக்குப் பணம் சேர்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வரியை முழுமூச்சாகக் கேட்டுப் போராடுகிறவர்கள் உலகம் எங்கும் மருத்துவர்கள்தான்.

ஒவ்வொன்றாக வாங்குவது உங்களுக்கு ஒரு கட்டுப்பாடாகத் தெரிகிறது. அந்த உடன்படிக்கை ஒற்றை ஒற்றையாக விற்பதையும் சிறு பாக்கெட்டுகளையும் தடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒற்றை சிகரெட்டின் விலை கையைக் கடிப்பதில்லை. எச்சரிக்கைப் படமும் கண்ணில் படுவதில்லை. ஒரு மாதம் வாங்கும் சிகரெட் முழுவதற்கும் ஆகும் தொகையை ஒரே இடத்தில் எழுதிப் பாருங்கள்.

வரி கட்டுகிறோம், வைத்தியம் கிடைக்கும் என்பதைப் பற்றி. 2012-ல் புகைப்பதால் உலகத்துக்கு ஏற்பட்ட மருத்துவச் செலவும் உழைப்பு இழப்பும் சேர்ந்து 1.4 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். உலகின் மொத்த உற்பத்தியில் அது 1.8 சதவீதம். பணக் கணக்கை விடுங்கள். அடைபட்ட ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்க முடியும். சிதைந்துபோன காற்றுப்பைகளைத் திரும்ப உண்டாக்க இன்று என்னிடம் மருந்து இல்லை. மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் இந்தக் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

பால்கனியில் பிடிப்பது வீட்டுக்குள் பிடிப்பதைவிடக் கட்டாயம் மேல். இருந்தாலும் திறந்த கதவு வழியே புகை உள்ளே வரும். சட்டையிலும் விரலிலும் ஒட்டி வரும். அடுத்தவர் விடும் புகை குழந்தைகளுக்கு ஆஸ்துமாவையும் காது நோயையும் கூட்டுகிறது, பெரியவர்களுக்கு மாரடைப்பைக் கொண்டுவருகிறது. ஸ்காட்லாந்தில் 2006-ல் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தார்கள். தடைக்கு முன்னும் பின்னும் 9 மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தபோது, மாரடைப்பு உள்ளிட்ட திடீர் இதயப் பாதிப்புக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். புகையே பிடிக்காதவர்களிடமும் அந்தக் குறைவு தெரிந்தது. உங்கள் மனைவி சொல்வதை நச்சரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எப்படி விடுவது? காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்களா? ஆம் என்றால், எண்ணிக்கை நாலாக இருந்தாலும் அடிமைத்தனம் பலமாக இருக்கிறது என்று பொருள். வெறும் மனவலிமையை மட்டும் நம்ப வேண்டாம், மருந்தின் துணையோடு விடுங்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் நாள் முழுக்க மெதுவாக நிகோடினைக் கொடுக்கும். திடீரென எழும் தவிப்புக்கு நிகோடின் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது: சில முறை மென்று, நாக்கில் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். விழுங்கிய நிகோடினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். வாரெனிக்லின் என்ற மாத்திரையும் உண்டு. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பொதுவாக 12 வாரம் எடுக்க வேண்டும். சிலருக்குக் குமட்டலும் விநோதமான கனவுகளும் வரும். புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானை வலிப்பு நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. எது உங்களுக்குப் பொருந்தும், என்ன அளவு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். இ-சிகரெட்டுக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். பலருக்கு அது அதையும் இதையும் சேர்த்துப் பிடிப்பதில் போய் முடிகிறது. பேட்சிலிருந்து தொடங்குங்கள்.

முதல் 2, 3 நாள்கள்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறல் எல்லாம் வரும். 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தானாகத் தணியும். அந்த நேரத்தில் பால்கனிப் பக்கம் போகாமல் தண்ணீர் குடியுங்கள், நடங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். காபியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்: சிகரெட் புகை கல்லீரல் காஃபினை வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது, விட்டதும் அதே அளவு காபி இரண்டு மடங்காக வேலை செய்து படபடப்பைக் கூட்டும். இது தெரியாமல், ‘விட்டதால்தான் உடம்பு கெட்டது’ என்று திரும்பவும் பற்றவைத்தவர்கள் நிறைய. எடை சராசரியாக 4, 5 கிலோ கூடலாம். கூடினாலும் விடுவதுதான் லாபம்.

46 வயதில் விட்டு என்ன பயன் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1951-ல் தொடங்கி 50 ஆண்டுகள் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வு, தொடர்ந்து புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள் என்று காட்டியது. 40 வயதில் விட்டவர்கள் அதில் 9 ஆண்டுகளையும், 50-ல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும் மீட்டார்கள். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி., அதோடு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இவ்வளவும் வேண்டும். சளி இருமலும் மூச்சு வாங்குவதும் நுரையீரல் அடைப்பு நோயின் தொடக்கமா என்பது ஊதும் பரிசோதனையில் தெரியும். மூச்சு வாங்குவது சில நேரம் இதயத்தாலும் வரும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். 50 வயது ஆகும்போது, நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், குரல் கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தல் இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு இறுக்கி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் சந்திப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்; நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்.