றாக்கையில் 1,150, பில்லில் 1,240: இடையில் மாறிய விலைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன் சேர். போன சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்பு ரவுணில் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். அங்கே இப்போது விலைத்துண்டு ஒட்டுவதில்லை, றாக்கை விளிம்பில் சின்னத் திரைதான். 400 கிராம் பால்மா 1,150 ரூபாய் என்று காட்டியது. கவுண்டரில் 1,240 அடித்தார்கள். கேட்டதற்கு, "சிஸ்டத்தில விலை மாறிட்டு அக்கா" என்றது அந்தப் பிள்ளை. திரும்பிப் போய்ப் பார்த்தால் திரையிலும் 1,240! பைக்கற்றில் அச்சடித்ததும் 1,240 தானே என்று மனேஜர் காட்டினார். பின்னால் ஆட்கள் நின்றதால் காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். சனம் கூடுகிற நேரம் பார்த்து விலையை ஏற்றுகிறார்கள், கழிவு அட்டைக்குக் கொடுக்கிற போன் நம்பரைப் பார்த்து ஆளுக்கொரு விலை போடுகிறார்கள் என்று ஊரில் கதைக்கிறார்கள். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? முகநூலில் போடட்டுமா?

பதில்: முதலில் உங்களுக்குப் பிடிக்காத விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் விலையை மாற்றுவது மட்டும் இலங்கையில் குற்றமில்லை. கல்லடியில் காலையில் ஒரு விலைக்குப் போகும் பாரை மீன் மத்தியானம் வேறு விலைக்குப் போகிறது, யாரும் வழக்குப் போடுவதில்லை. றாக்கையில் போட்ட விலைக்கே தந்தாக வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தை வைத்தும் வாதாட முடியாது. றாக்கையில் பொருளை அடுக்கி விலை காட்டுவது "வந்து கேளுங்கள்" என்ற அழைப்பு மட்டுமே, ஒப்பந்தம் பிறப்பது கவுண்டரில்தான் என்று 1953இல் இங்கிலாந்தில் பூட்ஸ் என்ற மருந்துக் கடைத்தொடரின் வழக்கில் தீர்ப்பானது. எங்கள் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமும் ஆங்கிலச் சட்டத்தின் வழியில் வந்ததுதான். ஆகவே 1,240 என்றதும் பைக்கற்றை வைத்துவிட்டு வர உங்களுக்கு உரிமை இருந்தது. 1,150க்குத் தா என்று கட்டாயப்படுத்தும் உரிமை இருக்கவில்லை.

மனேஜர் பைக்கற்றைத் திருப்பிக் காட்டியதும் இந்தத் தைரியத்தில்தான். அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேலே ஒரு ரூபாய் எடுத்திருந்தால் கதை வேறு. அரிசி போல வர்த்தமானியில் உச்ச விலை அறிவித்த பொருட்களுக்கும் அப்படியே. 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோவுக்கு 230, சம்பா 240, கீரிச்சம்பா 260 என்று விதித்தார்கள். அப்படி ஓர் உச்ச விலை நடப்பில் இருக்கும்போது சனம் கூடினாலும், மழை பெய்தாலும், எந்தத் திரையும் அதற்கு மேலே காட்ட முடியாது. மீறினால் 2021இல் திருத்திய தண்டத்தின்படி தனி ஆளுக்கு 1 இலட்சத்தில் இருந்து 5 இலட்சம் வரை, கம்பனிக்கு 5 இலட்சத்தில் இருந்து 50 இலட்சம் வரை போகும்.

ஆனால் அச்சிட்ட விலையைத் தாண்டவில்லை என்பதால் மட்டும் கடை தப்பிவிடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் பாருங்கள். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும், அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் வியாபாரி ஈடுபடக் கூடாது என்கிறது. பொய்யான கூற்றுகளைத் தடுக்கும் 31ஆம் பிரிவும் பக்கத்திலேயே இருக்கிறது. 1,150 என்று காட்டி உங்கள் கையை நீட்டவைத்து, கூடையோடு நீங்கள் கவுண்டருக்கு வருவதற்குள் 1,240 ஆக்குவது, அதுவும் ஒரு வார்த்தை சொல்லாமல், 30ஆம் பிரிவுக்குள் வரும் என்பதே என் கருத்து. "வழிநடத்தக்கூடிய" என்ற சொல் இருப்பதால், கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை, சிஸ்டம் தானாக மாற்றியது என்பது பெரிய சாட்டாகாது.

இந்தத் திரைகளை அலுவலக அறையில் இருந்தபடி சில நிமிடங்களில் கடை முழுக்க மாற்றலாம். நோர்வேயில் ரேமா 1000 என்ற கடைத்தொடர் ஒரே நாளில் பல தடவை விலை மாற்றும். ஆனால் கடை திறந்திருக்கும் நேரத்தில் இறக்குவார்களே தவிர ஏற்றமாட்டார்கள், ஏற்றுவது கதவு மூடிய பிறகு. உங்கள் கடையிடமும் இதைக் கேட்டு எழுதலாம். நியாயமான கோரிக்கைதான்.

கடைக்காரர்கள் யோசிக்காத ஒன்று: காகிதத்துண்டைக் கிழித்து எறிந்தால் தடயம் இல்லை. திரையின் விலையை எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பது கணினியில் பதிவாகும். உங்கள் பில்லிலும் நேரம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் கடைக்குள் நின்றபோதுதான் விலை ஏறியதா என்று தெரிந்துவிடும். அதிகாரசபை உத்தியோகத்தர்களுக்குக் கடைக்குள் சென்று ஆவணங்களைப் பரிசோதிக்கும் அதிகாரம் உண்டு. ஆகவே முறைப்பாட்டில் "அந்தச் சனிக்கிழமை இந்தப் பொருளின் விலை மாற்றப் பதிவைப் பெற்றுப் பார்க்கவும்" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். என்னைக் கேட்டால் முழு முறைப்பாட்டிலும் பெறுமதியான வரி அதுதான். இனிமேல் விலை கூடிய சாமான் எடுக்கும்போது திரையையும் பொருளையும் சேர்த்து ஒரு படம் பிடித்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கும்போது, போனில் உள்ள படம் என்பதற்காக மட்டும் யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. பில் கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை.

முறைப்பாட்டை மட்டக்களப்புக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகாரசபை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் அம்பாறைக் கச்சேரி. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம், ஆனால் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்த கடிதத்துக்கு இருக்கிற பலம் தொலைபேசிக்கு இல்லை. வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் முடிந்து தண்டம் விதித்தாலும் அது அரசாங்கத்துக்குத்தான் போகும். அதிகாரசபை நட்டஈடு வாங்கித் தரும் 13ஆம் பிரிவு பெரும்பாலும் தரத்துக்கும் உத்தரவாதத்துக்கும் உரியது. உங்கள் 90 ரூபாய் வேண்டுமென்றால் மனேஜருக்கே ஒரு கடிதம் கொடுங்கள், முறைப்பாட்டின் பிரதியையும் சேர்த்து. அநேகமாக அதிலேயே தீரும்.

போன் நம்பரை வைத்து ஆளுக்கொரு விலை என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. அட்டை உள்ளவருக்குக் கழிவு கொடுப்பதும், அதைப் பகிரங்கமாக எழுதிப்போடுவதும் சட்டத்துக்கு உட்பட்டவை. உங்கள் வாங்கல் பழக்கத்தை ஆராய்ந்து ஒளிவுமறைவாக விலை போடுவது வேறு. நியூயோர்க் மாநிலம் 2025இல் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது: தனிப்பட்ட தரவைக் கொண்டு விலை போட்டால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் இன்னும் 2003இன் பொதுவான வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடவேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே நேரத்தில், ஒரே பொருளை, இரண்டு அட்டைகளில் வாங்கிப் பாருங்கள். விலை வேறாக வந்தால் இரண்டு பில்களோடு எழுதுங்கள்.

முகநூலில் இப்போது போடவேண்டாம். கடையின் பேரைப் போட்டுக் "கள்ளர்" என்று எழுதினால், உங்களிடம் இருக்கும் நியாயம் போய் மானநட்ட வழக்குக்குப் பதில் சொல்லும் நிலை வரும். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையத்தில் போடும் பொய்க் கூற்றுகளைத் தண்டிக்கிறது. கவுண்டரில் நின்ற பிள்ளையின் முகம் தெரிய வீடியோ போடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள், விலையை மாற்றியது அவள் இல்லை.