வாசகர் கேள்வி–பதில்: நனைந்து பார்ப்பதற்கும் டெபாசிட்டா?

கேள்வி: என் கணவர் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மூட்டு வலிக்கு வெந்நீர் இதமாக இருப்பதால், நால்வர் உட்காரக்கூடிய ‘ஹாட் டப்’ (நீர் பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டி) ஒன்றை வீட்டில் அமைக்க எண்ணினோம். மாதவரம் பக்கம் உள்ள ஒரு ஷோரூமில், வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் தொட்டியில் அமர்ந்து பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அதற்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார்கள். வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். வாங்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தராமல், ஆறு மாதத்துக்குள் அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இது முறையா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: டெபாசிட் கேட்பதில் தவறில்லை. வாங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதுதான் தவறு. அந்த நிபந்தனையை ஏற்று நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

சில லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் இந்தப் பொருளைப் படத்தில் பார்த்தோ, நீரில்லாத தொட்டியில் உட்கார்ந்து பார்த்தோ மதிப்பிட முடியாது. நீரில் உடல் மிதக்க முற்படுவதால், வெறுந்தொட்டியில் பாந்தமாகத் தோன்றிய சாய்விருக்கை, நீர் நிறைந்ததும் உயரம் குறைந்தவரை நிலைகொள்ள விடாமல் மேலே தூக்கிவிடும். நீர் பீய்ச்சும் துளைகள் ஒருவருக்கு இடுப்பில் பட்டால் மற்றவருக்குத் தோளில் படும். மோட்டாரின் இரைச்சல் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வருமளவுக்கு இருக்குமா என்பதும் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் கணவரைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. இத்தொட்டிகளின் சுவர் பெரும்பாலும் 3 அடி உயரம் இருக்கும். அதைத் தாண்டி உள்ளே இறங்குவதும், வெந்நீரில் தளர்ந்துபோன கால்களோடு மறுபடி வெளியே வருவதும் அவரால் இயலுமா என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘வெட் டெஸ்ட்’ என்ற பெயரில், நீச்சலுடையோடு வந்து நனைந்து பாருங்கள் என்று விற்பனையாளர்களே அழைப்பது நெடுநாள் வழக்கம். ஆகவே இதைக் கடைக்காரர் உங்களுக்குச் செய்யும் உபகாரமாக நினைத்துக் கூச்சப்படாதீர்கள்.

கடைக்காரருக்குச் செலவே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் 5,000 ரூபாய்க்கு இல்லை. 1,000 லிட்டர் நீரை 28 டிகிரி செல்சியஸிலிருந்து 38 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரம் போதும். கடைகளுக்கான மின்கட்டணத்தில் கணக்கிட்டாலும் அது சில நூறு ரூபாயைத் தாண்டாது. தவிரவும், மூடி போட்டுச் சூட்டைக் காத்து வரும் தொட்டியில் ஒவ்வொருவருக்காகவும் முதலிலிருந்து சூடாக்க வேண்டியதும் இல்லை. உண்மையான செலவு ஆள் செலவுதான்: மறைப்புக் கட்டி, துண்டு கொடுத்து, குளித்துவிட்டு இறங்க வசதி செய்து, ஓர் ஊழியர் ஒரு மணி நேரமாவது அருகில் இருக்க வேண்டும். நேரம் குறித்துவிட்டு வராமல் போகிறவர்களிடமிருந்தும், எதையாவது உடைத்துவிட்டு நழுவுகிறவர்களிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளவே அவருக்கு டெபாசிட் தேவை. சொன்ன நேரத்துக்கு வந்து, நனைந்து, எதையும் சேதப்படுத்தாமல் கிளம்புகிறவரின் பணத்தை நிறுத்திவைக்க அதில் காரணம் ஏதும் இல்லை.

வாடகை வீட்டுக்கு ‘அட்வான்ஸ்’ கொடுத்து, காலி செய்யும் நாளில் வெள்ளையடிக்கும் செலவென்று ஒரு பகுதியை இழந்த சென்னைவாசிகளுக்கு இந்த வழக்கம் புதிதாகத் தோன்றாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய இந்நகரில், 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று கூறுகிறது. (நடப்பில் எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.) ஹாட் டப் ட்ரையலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, பொதுச் சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை ஒருவர் மீறினாலுங்கூட மற்றவர் நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறலாம் என்கிறது. இழப்பே நேராத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் விளக்கியது. நீங்களோ எதையும் மீறவில்லை. வாங்குவதாக வாக்குக் கொடுக்கவும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று வகைப்படுத்தும் பட்டியலில் முதலில் இருப்பதே மிதமிஞ்சிய டெபாசிட்தான். ஆயினும், பல லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு முன்னால் 5,000 ரூபாய் மிதமிஞ்சியதுதானா என்று கடைக்காரர் வாதிடக்கூடும். அவர் எழுதிக் கொடுத்த நிபந்தனையில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் உங்கள் கட்சி இன்னும் பலவீனப்படும். எனவேதான் பணம் கைமாறுவதற்கு முன்பே பேசித் தீர்க்கச் சொல்கிறேன்.

எவ்வளவு தொகை, எதற்காக, எந்தெந்தச் சேதத்துக்குப் பிடித்தம், எப்போது திருப்பித் தரப்படும் ஆகிய நான்கும் ரசீதில் இருக்க வேண்டும். நனைந்து பார்த்த அன்றே, கட்டிய வழியிலேயே பணம் திரும்பி வர வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கடையில், நாளைக்கு மோட்டார் பழுதானால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதையும் நீங்கள் இப்போதே ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: குளியலறைச் சாதனங்கள் விற்கிறேன். இரண்டு ஹாட் டப்களை நீர் நிரப்பிக் காட்சிக்கு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளை இறக்கி விளையாடவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு, “யோசித்துச் சொல்கிறோம்” என்று போய்விடுகிறார்கள். ஒரு முறை தலைசாய்க்கும் மெத்தை கிழிந்துபோனது. டெபாசிட் வாங்காமல் எப்படிக் கட்டுப்படியாகும்? எவ்வளவு வாங்கலாம்?
— வணிகர், கொளத்தூர்

பதில்: வாங்குங்கள், ஆனால் அளவோடு வாங்குங்கள். எது உடையவோ கிழியவோ வாய்ப்பு அதிகமோ அதன் விலையை ஒட்டி டெபாசிட்டை நிர்ணயிப்பதே நியாயம். கிழிந்த மெத்தையின் விலை உங்களுக்குத் தெரியும். முழுத் தொட்டியின் விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. நிபந்தனைகளைத் தொலைபேசியில் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். துண்டும் கையுமாக வந்து நிற்கிறவரிடம் அறிவிப்புப் பலகையைச் சுட்டிக்காட்டுவது வியாபாரத்துக்கு அழகல்ல.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களை வடிகட்டுவதற்கு டெபாசிட்டைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முதல் வருகையில் தொட்டியில் இறக்காதீர்கள். எங்கே வைக்கப் போகிறார்கள், மின் இணைப்பு தாங்குமா, எவ்வளவு செலவிட எண்ணம் என்பதையெல்லாம் உட்காரவைத்துப் பேசிவிட்டு, வார நாள் ஒன்றில் ட்ரையலுக்கு நேரம் கொடுங்கள். உண்மையாகவே வாங்க நினைப்பவர் செவ்வாய்க்கிழமையும் வருவார்.

அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் பெற்று அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள விரும்பினால், வெளிப்படையாகக் கட்டணமாகவே வாங்கி, பில் போட்டு, ஜிஎஸ்டியும் செலுத்திவிடுங்கள். திருப்பித் தர வேண்டிய டெபாசிட், விலையிலோ கட்டணத்திலோ வரவு வைக்கப்படும் வரை ஜிஎஸ்டி சட்டத்தின்படி விற்பனைத் தொகையாகக் கருதப்படாது. வரவு வைத்துக்கொண்ட கணத்திலிருந்து வரியும் சேர்ந்துகொள்ளும். டெபாசிட் என்று வாங்கிக் கட்டணமாக விழுங்கினால் வாடிக்கையாளரிடமும் வரித்துறையிடமும் ஒருசேர மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்துப் பலர் இறங்கும் வெந்நீரில் குளோரின் விரைவில் தீர்ந்துபோகும். அப்போது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகித் தோலில் செந்தடிப்புகளை உண்டாக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், இத்தகைய தொட்டிகளில் குளோரின் 3 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கு) குறையாமலும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு ட்ரையலுக்கு முன்பும் சோதனைத் தாளை வாடிக்கையாளரின் கண்ணெதிரே நனைத்துக் காட்டுங்கள். அதைக் காட்ட முடியாத கடைக்கு டெபாசிட் கேட்கும் தகுதி இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: நான் 2,000 ரூபாய் கட்டி ட்ரையலுக்கு நேரம் குறித்திருந்தேன். அம்மாவுக்கு இதய நோய் இருப்பதால் வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இரண்டு நாள் முன்பே சொல்லியும் கடைக்காரர் பணத்தைத் தர மறுக்கிறார்.
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மருத்துவர் சொன்னது சரி. இதய நோயாளிகளும், கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்நீரில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கும் 40 டிகிரி செல்சியஸே உச்ச வரம்பு. பதிவு செய்யும்போதே இதை விசாரித்திருக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருப்பதால், அந்த நேரத்தை வேறொருவருக்கு ஒதுக்கவும் அவரால் முடிந்திருக்கும். முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: டெபாசிட் கட்டுவதற்கு முன் வேறு எதையாவது சரிபார்க்க வேண்டுமா? எங்கள் வீட்டில் மொட்டை மாடி மட்டுமே இருக்கிறது.
— வாசகர், இராயபுரம்

பதில்: மாடியைத்தான் சரிபார்க்க வேண்டும், பெரம்பூர் வாசகி மாடியில் வைக்க எண்ணினால் அவருக்கும் இது பொருந்தும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள தொட்டி, அதில் 1,200 லிட்டர் நீர், நான்கு பேர் என்று கூட்டினால், சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் பாரம் இறங்குகிறது. மக்கள் ஏறிச் செல்லும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 குறிக்கும் பயன்பாட்டுப் பாரம் (ஆட்களும் பொருள்களுமாக மேலே ஏறும் எடை) சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ மட்டுமே. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, எங்கே வைக்கலாம், தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் பாரத்தை எப்படிக் கடத்தலாம் என்று எழுதிக் கொடுக்கும் வரை ஷோரூம் பக்கமே போக வேண்டாம். இரண்டாவதாக, கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கதாக இருந்தால் ஹீட்டரில் படிவு ஏறும். ஷோரூமில் எந்த நீரை நிரப்பியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் வீட்டு நீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் டெபாசிட் கேட்க மாட்டார்கள்.