மழையிலும் குளிரிலும் காரின் ஏ.சி., ஹீட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐப்பசி மழையில் நாகர்கோவிலிலிருந்து இரவில் வீடு திரும்பும்போது முன்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து சாலையே தெரியாமல் போகிறது. ஏ.சி. போட வேண்டும் என்கிறார் வாடகைக் கார் ஓட்டும் என் மைத்துனர். ஹீட்டர்தான் போட வேண்டும் என்கிறார் ஊட்டியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் அண்ணன். யார் சொல்வது சரி? – தக்கலை வாசகர்

பதில்: மைத்துனர் சொல்வது தக்கலைக்குச் சரி, அண்ணன் சொல்வது ஊட்டிக்குச் சரி.

மழை நேரத்தில் காருக்குள் இருக்கும் காற்றில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. நான்கு பேரின் மூச்சு, நனைந்த உடை, காலடியில் மடக்கி வைத்த குடை, ஈர மிதியடி என எல்லாம் சேர்ந்து தரும் அந்த ஈரம், மழையில் குளிர்ந்துபோன கண்ணாடியைத் தொட்டவுடன் நுண்துளிகளாகப் படிகிறது. ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. நிறுத்தி வைத்த காரின் அடியில் சொட்டும் நீர் அப்படிப் பிரிந்து வந்ததுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை நாளில் வெளிக்காற்றே ஈரம் மிகுந்தது என்பதால், ஹீட்டரை மட்டும் போட்டால் அந்த ஈரக்காற்று சூடாகி உள்ளே வருமே தவிர, உலர்ந்து வராது. கண்ணாடி தெளிவதற்குள் உள்ளே இருப்பவர்களுக்கு வியர்த்துவிடும். ஊட்டியில் மார்கழிக் காலையில் வெளிக்காற்று மிகக் குளிர்ந்திருக்கும்; குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவாகவே தங்கும்; அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினாலே அது உலர்ந்த காற்றாகிவிடும். அங்கே ஹீட்டர் மட்டும் போதுமானதாக இருப்பதன் காரணம் இதுதான். வெளிவெப்பம் ஏறத்தாழ 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான கார்களில் ஏ.சி. கம்ப்ரஸர் தானாகவே இயங்காது. ஊட்டியில் ஒரு விடியற்காலையில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று அதைப் பழுதாக எண்ணி யாரும் பட்டறைக்குப் போக வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஏ.சி.யைப் போட்டு, வெப்பத் திருகியை நீலப் பக்கத்தின் கடைசியில் வைக்காமல் நடுவிலோ, சிவப்புப் பக்கம் சற்றுத் தள்ளியோ வையுங்கள். காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். உள்காற்றே சுழலும் நிலையில் வைத்துவிட்டால் உங்கள் மூச்சின் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் இயங்குவது முரணாகத் தோன்றலாம். உண்மையில் ஏ.சி. முதலில் காற்றை உலர்த்துகிறது. பின்னர் ஹீட்டர் அதைச் சற்று வெதுவெதுப்பாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுப்பதில்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆவி உட்புறம் படிந்திருக்கிறதா, வெளிப்புறம் படிந்திருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மழை விட்ட இரவுகளில் வெளிக்காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அப்போது ஏ.சி.யை முழுக்குளிரில் வைத்துக் கண்ணாடியின் மீதே வீசச் செய்தால், கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் ஆவி படியும். இதை அறியாமல் குளிரை மேலும் கூட்டுபவர்கள் மங்கலையும் கூட்டிக்கொள்கிறார்கள். வெளிப்புற ஆவிக்கு வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலடிக்கோ திருப்பிவிட்டால் போதும்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யை மழைக்கு நடுவே குளிர் தாங்காமல் அணைத்தால், சிறிது நேரத்தில் கண்ணாடி முன்னைவிட மோசமாக மங்கும். குளிர்விக்கும் பகுதியில் ஒட்டியிருந்த நீரெல்லாம் ப்ளோயர் காற்றில் ஆவியாகி உள்ளே வந்துவிடுவதே இதற்குக் காரணம். குளிர்ந்தால் ஏ.சி.யை அணைக்காமல் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியின் உட்புறத்தை மாதம் ஒருமுறையாவது நன்றாகத் துடைப்பதும் முக்கியம். டேஷ்போர்டு பாலிஷ், ஊதுபத்திப் புகை ஆகியவற்றின் எண்ணெய்ப்படலத்தில் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கும் பழைய வழக்கம் வைப்பர் சரியில்லாத வண்டிகளின் வெளிப்புறத்துக்கு உரியது. உட்புறம் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகுமா? – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: பெட்ரோல், டீசல் கார்களில் அநேகமாகச் செலவே இல்லை. எஞ்சின் எப்படியும் ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும் வெப்பத்தில் ஒரு பங்கைத்தான் ஹீட்டர் உள்ளே திருப்புகிறது. ப்ளோயர் விசிறிக்கு ஆகும் மின்சாரம் மட்டுமே கூடுதல். ஏ.சி. கம்ப்ரஸரை எஞ்சினே சுழற்றுவதால் அதற்கு எரிபொருள் செலவாகும். ஆனால் மழைக்குளிரில் அதன் சுமை சித்திரை வெயிலில் இருப்பதைவிடக் குறைவு. சில ரூபாய்களை மிச்சப்படுத்தக் கண்ணாடி மங்கிய காரை வில்லுக்குறி வளைவுகளில் ஓட்டுவதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: புதிய கார் வாங்க இருக்கிறோம். மேல்நிலை வேரியன்ட்டில் ஆட்டோமேட்டிக் ஏ.சி., பின்கண்ணாடி டீஃபாகர் (கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைப் போக்கும் மெல்லிய கோடுகள்) எல்லாம் உண்டு என்றும், மழை மாவட்டமாகிய நமக்கு அது அவசியம் என்றும் விற்பனையாளர் வற்புறுத்துகிறார். விலை வித்தியாசம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. – நாகர்கோவில் வாசகர்

பதில்: இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் ஏ.சி. என்பது வசதி. கையால் திருகும் ஏ.சி.யும் கண்ணாடியை அதே அளவு தெளிவாக்கும். வேறுபாடு உங்கள் கை அசைவில்தான். பின்கண்ணாடி டீஃபாகரும் பின் வைப்பரும் அப்படியல்ல. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. பின்புறம் செங்குத்தாக முடியும் ஹேட்ச்பேக் வகைக் கார்களில் சாலைச் சேறும் நீர்த்தூறலும் பின்கண்ணாடியில் நேரடியாக ஒட்டும்; முன்புற ஏ.சி. காற்று அங்கே எட்டுவதும் குறைவு. ஆகவே இந்த இரண்டும் எந்த வேரியன்ட்டிலிருந்து தொடங்குகின்றன என்பதை விலைப்பட்டியலோடு தரும் வசதிப் பட்டியலில் நீங்களே பாருங்கள். பல மாடல்களில் இவை நடுநிலை வேரியன்ட்டிலேயே கிடைத்துவிடும். உச்சி வேரியன்ட் வரை போக வேண்டியிருக்காது. ஆரம்ப வேரியன்ட்டைப் பார்ப்பவர்கள் அதில் ஹீட்டர் உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கத் தரும் கார் பெரும்பாலும் உச்சி வேரியன்ட்டாகத்தான் இருக்கும். நீங்கள் பணம் கட்டப்போகும் வேரியன்ட்டையே கேளுங்கள். இயன்றால் மழை பெய்யும்போது கேளுங்கள். டீஃபாகரைப் பிறகு வெளிக்கடையில் பொருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கம்பிகளை வெட்டி இணைப்பதால் மின்சாதன வாரன்டி பாதிக்கப்படாது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். டீஃபாகர் உள்ள கண்ணாடியில் மெல்லிய கோடுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும், பின்னர் அதைப் பிளேடால் சுரண்டுவதும் கூடாது. ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசை முழுவதும் சூடாகாது.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கி மூணாறு போயிருந்தோம். ஹீட்டரை முழுமையாக வைத்தும் காற்று பச்சைத் தண்ணீர் போலவே வந்தது. திரும்பி வந்து காட்டியபோது, “நம்ம ஊருக்கு ஹீட்டர் எதற்கு, விட்டுவிடுங்கள்” என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். விட்டுவிடலாமா? – குலசேகரம் வாசகர்

பதில்: விட்டுவிடக் கூடாது. நாகர்கோவிலில் மார்கழி அதிகாலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், ஹீட்டர் இல்லாமல் நாள் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஹீட்டர் சூடாகாதது பல நேரங்களில் எஞ்சினின் குளிரூட்டும் அமைப்பில் உள்ள கோளாறின் அறிகுறி. நீங்கள் பழைய கார் வாங்கியவர் என்பதால் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது கூலன்ட் மாற்றியபோது குழாயில் காற்று அடைத்திருக்கலாம். இவை எளிய காரணங்கள். நான் அதிகம் சந்தேகிப்பது தெர்மோஸ்டாட்டைத்தான். எஞ்சின் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி வரை சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. எஞ்சின் சூடாகிறது என்று வரும் பழைய வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றில் உண்டு. கழற்றினால் எஞ்சின் அதற்குரிய வெப்பத்தை எட்டாமலே ஓடும். ஹீட்டரில் சூடு வராது, மைலேஜ் குறையும், எஞ்சின் உறுப்புகளும் விரைவில் தேயும். எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீலவிளக்கு உங்கள் காரில் இருந்து, அது வெகுதூரம் ஓடிய பின்னும் அணையாமல் இருந்தால், அல்லது வெப்பமுள் நீண்ட இறக்கத்தில் கீழே சரிந்தால், அந்த வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அது சரியாக இருந்தால், எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் செல்லும் இரண்டு ஹீட்டர் குழாய்களைப் பாருங்கள். எஞ்சின் சூடான பின் இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் உள்ளே அடைப்பு. கூலன்ட்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துருவும் உப்புப் படிவும் அந்தச் சிறிய குழாய்களை அடைத்துவிடும். சூடான கூலன்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகியபோது செலவுக்கு அஞ்சி, இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து அதை விலக்கிவிடுவதும் உண்டு. உங்களுக்கு விற்றவர் அப்படிச் செய்திருந்தால் குழாய்களைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கோரை மாற்றப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால் கூலி, உதிரிபாகத்தின் விலையையே மிஞ்சக்கூடும்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் அனைவருக்கும்: பங்குனி வெயிலில் ஏ.சி.யைச் சோதிக்காதவர் இல்லை. ஹீட்டரைச் சோதிப்பவரைத்தான் காண முடிவதில்லை. ஒரு சுற்று ஓட்டி வந்த பின், வியர்த்தாலும் பரவாயில்லை என்று ஹீட்டரை முழுமையாக வைத்துப் பாருங்கள். இனிப்பான வாசனையோ, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமோ, முன்பயணியின் காலடிக் கம்பளத்தில் பிசுக்கான ஈரமோ இருந்தால் கூலன்ட் உள்ளே ஒழுகுகிறது. அந்த ஈரம் வெறும் தெளிந்த நீராக இருந்தால் ஏ.சி.யின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. அது சிறிய வேலை.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் ஏ.சி.யையே போடாமல் வைத்திருந்தேன். தை மாதத்தில் போட்டபோது குளிர் இல்லை. “ஓடாமல் கிடந்ததால் கேஸ் தீர்ந்துவிட்டது, வருடாவருடம் நிரப்ப வேண்டும்” என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், பில் தரவில்லை. – குளச்சல் வாசகர்

பதில்: ஏ.சி.யின் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருப்பது. பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு கசியலாம். ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் நிரப்புபவர் அடுத்த ஆண்டு வருமானத்தையும் சேர்த்தே உறுதி செய்துகொள்கிறார். ஓடாமல் கிடந்தது ஒரு காரணமாக இருக்க முடியும் என்பதையும் மறுக்கவில்லை: கம்ப்ரஸரின் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், நெடுநாள் ஓடாவிட்டால் அதன் சீல் உலர்ந்து கசியலாம். அதனால் மழைக்காலத்திலும் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையாவது பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடுங்கள். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. முன்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி. கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். வாரம் ஒருமுறை அதன் மேல் நல்ல நீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். அழுத்தத்தோடு பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

இனி நிரப்பும்போது முதலில் கசிவுச் சோதனை, பின்னர் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றும் ‘வேக்குவம்’ வேலை, அதன் பின்னர் பானட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த வகைக் கேஸ், குறித்த கிராம் அளவில் என்ற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பது பில்லில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. எழுத்தில் பில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் பலன் இல்லையெனில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. பணம் கட்டியதற்கான யு.பி.ஐ. பதிவு இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: சபரிமலை செல்லும்போது நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவது வழக்கம். இது தவறா? – ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: தவறு மட்டுமல்ல, உயிருக்கு ஆபத்து. புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலோ, நெருக்கமாக நிற்கும் பக்கத்து வண்டியின் புகை உள்ளே இழுக்கப்பட்டாலோ, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் சேரும். தூங்குபவருக்கு அது தெரியாது. எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளைச் சற்று இறக்கிவிட்டு, போர்வையோடு தூங்குங்கள். வீட்டில் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினைச் சூடாக்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: மின்சாரக் கார் வாங்கினால் மலைப்பயணத்தில் ஹீட்டர் பேட்டரியைக் காலி செய்துவிடுமா? – அஞ்சுகிராமம் வாசகர்

பதில்: மின்சாரக் காரில் வீணாகும் எஞ்சின் வெப்பம் இல்லாததால், ஹீட்டர் பேட்டரியிலிருந்தே சக்தியை எடுக்கும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் அந்த அளவுக்குக் குறையும். வெப்பக்கம்பியால் சூடாக்கும் கார்களைவிட, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் உள்ளவை குறைவாகச் செலவழிக்கும் என்பதால், எது உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். நம் மாவட்டத்துக்குள் ஓட்டுபவர் இதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. மூணாறு ஏறுபவருக்கும் ஹீட்டரைவிட மலை ஏற்றமே பேட்டரியை அதிகம் கரைக்கும். தங்கும் விடுதியில் சார்ஜ் வசதி உண்டா என்பதை அறை பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டால், காலையில் சார்ஜரில் செருகியபடியே காரைச் சூடாக்கிவிட்டுக் கிளம்பலாம். அந்தச் சூட்டுக்கான மின்சாரம் பேட்டரியின் கணக்கில் வராது.