வாசகர் கேள்வி பதில்: கல்லும் துண்டுச்சீட்டும்

கொழும்பில் ஒரு நூதனசாலையின் கற்சேகரிப்பைப் பல்லாண்டு காலம் பராமரித்து, ஓய்வுபெற்றபின் மட்டக்களப்புக்குத் திரும்பி, தம் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குப் பாறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த அம்மையாரின் மறைவுச் செய்தியைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதை ஒட்டி வந்த கடிதங்களுக்கே இம்முறை இப்பக்கத்தை ஒதுக்கியுள்ளோம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி இங்கே அவர் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: உயர்தரம் படித்த இரண்டு வருடமும் அவரிடம் போய் வந்தவள் நான். 31ஆம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், பண்பானவர்’ என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அவருடைய கற்கள் எட்டு பிஸ்கற் டின்களில் இருக்கின்றன. சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றும் உண்டு. கற்களைக் கழுவித் துடைத்துப் பாடசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டார். என்ன செய்யலாம்?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: முதலில் கழுவுவதை நிறுத்துங்கள் தங்கச்சி, மலருக்கு எழுதுவதைப் பிறகு பார்ப்போம். ஒவ்வொரு கல்லிலும் சுண்டுவிரல் நகமளவு வெள்ளைப் பூச்சும், அதன்மேல் கறுப்பு மையில் ஓர் எண்ணும், கல்லுக்கு அடியில் மடித்த துண்டுச்சீட்டும் இருக்கும். கழுவும் அவசரத்தில் பத்துச் சீட்டுகள் இடம் மாறிவிட்டால், அவர் வருடக்கணக்கில் செய்த வேலை ஒரு பிற்பகலில் போய்விடும். எடுத்த இடம் தெரியாத கல், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் உதவாது. தண்ணீரும் எல்லாக் கல்லுக்கும் ஆகாது: பாறையுப்பு கரைந்துவிடும். பொன்னிறமாக மினுங்கும் பைரைட்டு, நம் ஊர் ஈரக்காற்றிலேயே காலப்போக்கில் பொடிந்து, அதிலிருந்து கசியும் அமிலம் சீட்டையும் தின்றுவிடும். ஊதாப் படிகம் இருந்தால் வெயிலில் வைக்க வேண்டாம், நிறம் வெளுக்கும். காய்ந்த தூரிகையால் தூசைத் தட்டி, ஒவ்வொரு கல்லையும் அதன் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பிரதி செய்த பின்னரே பாடசாலையோடு பேசுங்கள். கொப்பி இல்லாமல் கற்களை மட்டும் கொடுக்கச் சம்மதிக்க வேண்டாம்.

இனி மலர். அதை நம்மில் சிலர் இன்னும் ‘கல்வெட்டு’ என்றே சொல்கிறோம். இவர் விடயத்தில் அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நம் நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. ‘தன்னலமற்றவர்’ என்று எழுதினால் அவர் உங்களுக்கே அடையாளம் தெரியாமல் போவார். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருமுறை அவரிடம் போயிருந்தபோது, ஒரு பையன் குடும்பிமலைப் பக்கமிருந்து கல்லொன்று கொண்டுவந்தான். அவர் செம்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து உடைந்த முகத்தில் தடவினார். அதுவரை வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த கல்லில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் எழுந்தன, கறுப்பு வரியில் காக்காப்பொன் (மைக்கா) மினுங்கியது. பையன் கைவில்லையைக் கல்லின்மேல் பிடித்துக் குனிந்தான். “வில்லை கண்ணோட இருக்கட்டும் மனே, கல்லைக் கிட்டக் கொண்டு வா” என்று அவன் முழங்கையை நிமிர்த்தினார். பிறகு விசாரணை. எங்கே எடுத்தாய்? குடும்பிமலைப் பக்கம். பக்கம் என்றால் எந்தப் பக்கம், தெருவுக்கு எந்தக் கை, பாறையிலிருந்து உடைத்ததா, உருண்டு கிடந்ததா? கடைசிக் கேள்விக்குப் பையனிடம் விடை இல்லை. உருண்டு கிடந்த கல் எங்கிருந்து வந்ததென்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி, ‘கிடந்த கல்லோ தெரியாது’ என்றே அவனைச் சீட்டில் எழுதவைத்தார். தெரியாததையும் பதிவுசெய்ய வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

‘புவியியல் ரீச்சர்’ என்று அழைத்தால் திருத்துவார். தமது துறை புவிச்சரிதவியல், பூமியின் சரிதம் என்பார். மட்டக்களப்பு, அம்பாறைப் பாறைகள் பெரும்பாலும் ‘விஜயன் தொகுதி’ எனப்படும் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மூலப் பாறைகள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுக்கு முற்பட்டவை. மலையகத்தைத் தாங்கும் தொகுதி வேறு. இரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் மகா ஓயா வெந்நீர் ஊற்று இருக்கிறது. இதைப் பாடமாகச் சொல்லாமல், வெந்நீரில் கையை வைக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குவாராம். உங்களையும் கூட்டிப்போயிருந்தால், அந்த ஒரு நாளே மலரில் இரண்டு பக்கம் வரும்.

கேள்வி: நூதனசாலையில் கற்களைத் தூசு தட்டி அடுக்கி வைப்பது அவ்வளவு பெரிய சேவையா?
(வாசகர், சாய்ந்தமருது)

பதில்: இலங்கையிலிருந்து போன சில பழுப்பு நிற இரத்தினக்கற்களைப் பெரிடொட் என்ற வேறொரு இரத்தினக்கல்லின் ஒரு வகை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1952இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் கிளாரிங்புல், ஹே என்ற இருவர் சோதித்தபோது, பெரிடொட்டில் இருக்க வேண்டிய சிலிக்கன் அந்தக் கற்களின் கட்டமைப்பில் இல்லை, அலுமினியமும் போரனும் இருந்தன. புதுக் கனிமம்! இத்தீவின் பழைய பெயரை ஒட்டி சிங்கலைட்டு என்று பெயரிட்டார்கள். தப்பான பெயரோடு இருந்தாலும் கல் பத்திரமாக இருந்தால்தான் ஒருநாள் யாராவது அதைத் திருத்த முடியும். தூசு தட்டியவருக்கும் அதில் பங்குண்டு.

கேள்வி: ஒரு கல்லுக்கு அவர் பெயரை வைக்க முடியாதா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: புதிதாகக் கண்டறியப்பட்ட கனிமத்துக்கு மட்டுமே வைக்கலாம், அதற்கும் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். நம் நாட்டில் முன்னுதாரணம் உண்டு. எஃப். எல். டி. ஏக்கநாயக்க எஹெலியகொடையில் கண்டெடுத்த பச்சைக்கல் 1961இல் ஏக்கனைட்டு என்று அறிவிக்கப்பட்டது; அறிவித்தவர்களில் மேலே சொன்ன கிளாரிங்புல்லும் ஒருவர். அம்மையாரின் டின்களுக்குள் அப்படி ஒன்று இருக்கிறதோ என்று கேட்காதீர்கள். இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: அவர் என் தகப்பனாருக்குக் கொடுத்த கல்லொன்று எங்கள் வீட்டுப் படிக்கட்டில் கிடக்கிறது. சீட்டு இல்லை, வெள்ளைப் பூச்சில் 43 என்று மட்டும் இருக்கிறது. வைத்திருப்பதில் பயன் உண்டா?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: உண்டு. களுவாஞ்சிகுடித் தங்கச்சி சொல்லும் சிவப்பு மட்டைக் கொப்பியில் 43ஆம் வரியைப் பார்க்க வேண்டும். இருவரும் சம்மதித்தால் முகவரிகளைத் தபாலில் அனுப்பி வைக்கிறோம். அதுவரை கல்லைப் படிக்கட்டிலிருந்து எடுத்து வீட்டுக்குள்ளே வையுங்கள், வெள்ளைப் பூச்சை யாரும் சுரண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.