பிடித்துவிட்டார்கள்

அன்புள்ள அக்கா,

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ‘கேட்ச்’ என்ற வினைச்சொல்லுக்கு ஒரு சார்ட் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பந்து, பஸ், சளி, திருடன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். தமிழில் இந்த நெகிழ்வு இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. முதல் எடுத்துக்காட்டாக ‘மீனவர் மீன் பிடித்தார்’ என்பதைப் படத்தோடு போட்டிருக்கிறேன். இறந்தகாலம் ஏன் ‘கேட்ச்ட்’ என்று வராமல் ‘காட்’ என்று வருகிறது எனப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தச் சொல்லின் பூர்வீகம் என்ன? ஆங்கில வகுப்பில் தமிழில் விளக்குவது தவறா? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

தமிழில் விளக்குங்கள், குடி முழுகிவிடாது. அகராதி உங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கும், பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

பூர்வீகத்தைச் சொல்கிறேன். லத்தீனில் ‘காப்பெரே’ என்றால் கைப்பற்றுவது. அதன் வழியில் பிறந்த ஒரு சொல் பிரான்சின் வடக்கே ‘காச்சியே’ என்று வழங்கியது. நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டபோது அவர்கள் பேச்சோடு அதுவும் கடல் தாண்டி வந்தது. அப்போது அதற்கு விரட்டுவது என்ற பொருளும் இருந்தது. அதே சொல் பாரிஸ் பக்கத்து உச்சரிப்பில் இன்னொரு முறை ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘சேஸ்’ ஆனது. விரட்டும் வேலையை அது எடுத்துக்கொள்ள, ‘கேட்ச்’ பிடிப்பதோடு நின்றது. ஆங்கிலேயர் ஏற்கெனவே பிடிப்பதற்கு வைத்திருந்த சொந்தச் சொல் ‘லாட்ச்’. அது இன்று கதவுத் தாழ்ப்பாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஆனாலும் வந்த ‘கேட்ச்’ இந்த ‘லாட்ச்’சின் இறந்தகால வடிவத்தைப் பார்த்துத்தான் ‘காட்’ என்று ஆனது. ‘கேட்ச்ட்’ என்றும் ஒரு காலத்தில் நல்ல எழுத்தாளர்களே எழுதினார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை.

‘கேட்ச்போல்’ என்றும் ஒரு பழைய சொல் உண்டு. நேர்ப்பொருள் கோழி விரட்டி. வரி கட்டாதவன் வீட்டுக் கோழியைத் துரத்திப் பிடித்துக்கொண்டு போன தண்டல்காரனுக்கு அந்தப் பெயர். பிறகு கடன்காரனைக் கைது செய்யும் சேவகனுக்கும் அதுவே பெயரானது.

இனி உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன். தமிழில் நெகிழ்வு இல்லையா? காலையில் ஓடிப்போய்ப் பஸ் பிடிக்கிறீர்கள். உலை வைக்க ஒரு பிடி அரிசி, அரிவாளுக்கு ஒரு பிடி, யானையில் பெண் என்றால் பிடி. மாதாமாதம் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தம் போகிறது. தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்டால் பிடிகொடுக்காமல் பேசுகிறார். துணியில் சாயம் பிடிக்கிறது, பானையில் அடி பிடிக்கிறது, கூரையில் தீப்பிடிக்கிறது. இத்தனையையும் நாள் முழுக்கப் பேசிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து தமிழில் இல்லையே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கோபம் வருகிறது, தம்பி.

நெகிழ்வை விடுங்கள். யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலீஷ்காரர் சளியைத் தானே போய்ப் பிடிக்கிறார், ‘நான்’ என்று தொடங்கி. நமக்கோ சளிதான் வந்து பிடிக்கிறது. சனியும் பேயும் பைத்தியமும் அப்படித்தான். ஒருத்தியை எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருவன் சொன்னாலும் அவன் பிடித்தவன் இல்லை, பிடிபட்டவன்.

நம் கரையில் இது இன்னும் ஒரு படி போகும். உங்கள் சார்ட்டின் முதல் வாக்கியத்தைத் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ வீடுகளில் அதிகம் கேட்க முடியாது. கடலுக்குப் போனார், தொழிலுக்குப் போனார் என்பார்கள். கரை திரும்பியவரிடம் ‘மீன்பாடு எப்படி?’ என்று விசாரிப்பார்கள். மீன் பட்டது, படவில்லை. வலையில் வந்து படுவது மீனின் விருப்பம். கீழக்கரையில் சங்கு குளிப்பார்கள். மண்டபம் பக்கத்துப் பெண்கள் பாசி எடுப்பார்கள். ‘பிடிப்பது’ என்ற பேச்சு அதிகம் இல்லை.

அப்படியானால் அந்தச் சொல் எங்கே போயிற்று? இரண்டு வாரத்துக்கு முன் ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மா கைப்பேசியில், “பிடித்துவிட்டார்களா?” என்றார். அவ்வளவுதான். யார் பிடித்தார்கள், யாரைப் பிடித்தார்கள் என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை. நடத்துநர் அவரிடம் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனார். அன்றிலிருந்து அந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன், அதற்குள் உங்கள் கடிதம்.

எழுவாய் இல்லாத வாக்கியம் அது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. தண்ணீரில் போட்ட அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும், நம் வீடுகளில் இந்த வினைச்சொல்லுக்கு எழுவாய் தேவைப்படுவதில்லை.

ஏழாம் வகுப்பில் நானும் உங்கள் மாணவர்களைப் போலத் திண்ணையில் ஆடி ஆடி மனப்பாடம் செய்தேன். கேட்ச், காட், காட். உள்ளே மீன் அலசிக்கொண்டிருந்த அப்பத்தா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஆங்கிலம் தெரிந்த மிதப்பில் சத்தமாகவே சொன்னேன்: பிடிக்கிறார்கள், பிடித்தார்கள், பிடித்துவிட்டார்கள். ஈரக் கையோடு வந்து என் வாயில் ஒன்று வைத்தார். சித்தப்பா முந்தின நாள் சாயங்காலம் கடலுக்குப் போயிருந்தார். கவிச்சி வாடை அன்று முழுக்க உதட்டிலிருந்து போகவில்லை. சித்தப்பா மறுநாள் காலை நல்லபடியாகவே வந்து சேர்ந்தார், பாடுதான் இல்லை. ஆனாலும் அதன்பிறகு வீட்டில் அந்த வரிசை வரும்போது ‘கேட்ச், ம்ம், ம்ம்’ என்றே படித்தேன். பள்ளியிலும் வாய் தவறி அப்படியே ஒப்பித்து, அதற்கும் அடி வாங்கினேன்.

சார்ட்டை ஒட்டுங்கள். மீனவர் படத்தை எடுத்துவிட்டுப் பந்தைப் போடுங்கள். வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது கடலோரத்துப் பிள்ளை ஒன்று அந்த வரிக்கு மட்டும் ம்ம் கொட்டினால், பிரம்பை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா