கேள்வி - பதில்: சர்வரில் ஏற்றலாமா, பொறுக்கலாமா?

ஓப்பன் சோர்ஸ் சர்வர் மென்பொருளை எப்போது நம்பி நிஜ வேலைக்கு விடலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு கியூ சர்வர் (வேலைகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கொடுப்பது) இன்னும் 0.9 வெர்ஷனில்தான் இருக்கிறது. 1.0 வரும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வெளிவந்தது 2004-இல்; 1.0 என்ற எண் அதற்குக் கிடைத்தது 2011 ஏப்ரலில். அதற்குள் பெரிய தளங்கள் பல அதன் 0 வரிசை வெர்ஷன்களிலேயே ஓடிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் பாருங்கள்: போஸ்ட்கிரெஸ் போன்ற பழுத்த டேட்டாபேஸில்கூட 14.0 முதல் 14.3 வரை ஒரு கோளாறு இருந்தது. டேபிளில் எழுதுவதை நிறுத்தாமலே வேலை நடக்கட்டும் என்று கன்கரன்ட்லி சேர்த்து இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) உருவாக்கினால் அதில் சில வரிசைகள் விடுபட்டுப் போகலாம். எர்ரர் எதுவும் வராது. இருக்கிற பதிவைத் தேடினால் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். 2022 ஜூனில் 14.4 வந்த பிறகே இது தீர்ந்தது. அந்த இடைவெளியில் அப்படி இன்டெக்ஸ் போட்டவர்கள் அதை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. முக்கியமான தகவல் இருக்கும் இடத்தில், எந்த டேட்டாபேஸானாலும் புள்ளி சைபரைத் தொடாமல் மூன்று நான்கு சின்ன வெளியீடுகள் போகட்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

உங்கள் 0.9-இடம் கேட்க வேண்டியது வேறு. டிஸ்கில் அது எழுதும் ஃபைலின் வடிவம் அடுத்த வெளியீட்டில் மாறுமா? மாறினால் பழையதை மாற்றித் தரும் கருவி உண்டா? கடைசி நான்கு வெளியீடுகளின் ரிலீஸ் நோட்ஸைப் படித்துப் பாருங்கள். எந்தச் சூழ்நிலையில் தகவல் தொலைந்தது, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்ய வேண்டும் என்று விலாவாரியாக எழுதியிருந்தால் நம்பலாம். ‘பல பக் திருத்தங்கள்’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் தள்ளியே நில்லுங்கள்.

கிட்ஹப்பில் 30 ஆயிரம் நட்சத்திரம் வாங்கிய மென்பொருள். இதைவிட என்ன சான்று வேண்டும்?
– வாசகர், மதுரை

நட்சத்திரம் என்பது ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓரம் மடித்து வைத்த பக்கம். ஓட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் தெரியாது.

கடந்த 12 மாத கமிட்களை (கோடில் பதிவான மாற்றங்களை) திறந்து, கோடை உள்ளே சேர்க்கும் உரிமையோடு உண்மையில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரே ஒருவர் என்றால் கவனம். எக்ஸ்இசட் சுருக்கக் கருவியைப் பல ஆண்டுகள் ஒருவரே பராமரித்தார். உதவிக்கு வந்தவர்போல் நடித்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ரகசியமாக உள்ளே நுழையும் பின்வாசலை வைத்துவிட்டார். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் லாகின் அரை விநாடி தாமதமாவதைத் துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29-ஆம் தேதி அதை வெளிப்படுத்தியவர் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான டெபியன் ஸ்டேபிளில் அந்த வெளியீடுகள் இன்னும் நுழைந்திருக்கவில்லை.

பயனர்கள் புகார் எழுதும் இஷ்யூ பட்டியலில் கரப்ஷன், டேட்டா லாஸ், ஹேங் என்ற மூன்று சொற்களைத் தேடி, முதல் பதில் எத்தனை நாளில் வந்தது என்றும் பாருங்கள்.

நாங்களே சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் இருக்கிறது. என்னென்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

இரண்டு வாரம் தாராளம். சோதனை மெஷின் மட்டும் நிஜ சர்வரின் அதே அளவில், அதே வகை டிஸ்கோடு இருக்க வேண்டும்.

முதலில் தகவலை நிரப்புங்கள். ரேமுக்குள் அடங்கும் டேட்டா எந்த மென்பொருளிலும் பறக்கும். ரேம் 16 ஜிபி என்றால் டேட்டா 40 ஜிபியாவது இருந்தால்தான் டிஸ்கின் லட்சணம் வெளியே தெரியும்.

லோட் டெஸ்டில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரணக் கருவி, முந்தைய பதில் வந்த பிறகே அடுத்த கோரிக்கையை அனுப்பும். சர்வர் 5 விநாடி உறைந்தால், அந்த 5 விநாடியில் வந்திருக்க வேண்டிய கோரிக்கைகள் கணக்கிலேயே ஏறாது. விநாடிக்கு இத்தனை என்று மாறாத வேகத்தில் அனுப்பும் டபிள்யூஆர்கே2 போன்ற கருவியை எடுங்கள். சராசரியை விட்டு 99-ஆவது பெர்சென்டைலை, அதாவது 100 கோரிக்கைகளில் 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதைப் பாருங்கள். எதிர்பார்க்கும் உச்சத்தைப்போல் இரு மடங்கில் 72 மணி நேரம் ஓடட்டும். மணிக்கொரு முறை மெமரியையும் திறந்திருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மெமரி ஏறுவது சகஜம், கேச் நிரம்புகிறது. மூன்றாம் நாளும் அதே வேகத்தில் ஏறினால் கசிவைச் சந்தேகியுங்கள். ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று விழுந்தால் மட்டும் மென்பொருளைத் திட்ட வேண்டாம். லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமான வரம்பு 1024. சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் லிமிட்நோஃபைல் மதிப்பை உயர்த்துங்கள்.

இனி உடைக்க வேண்டும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போகட்டும். சர்வர் ‘எழுதியாயிற்று’ என்று ஒப்புக்கொண்ட எண்ணை மட்டும் வேறொரு மெஷினில் குறிக்கட்டும். நடுவில் கில் மைனஸ் 9 கொடுத்து சர்வர் ப்ராசஸை ஒரேயடியாகக் கொல்லுங்கள். திரும்ப எழுந்ததும், ஒப்புக்கொண்ட எண்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. இதோடு நிறுத்தினால் அரைக்கிணறு தாண்டிய கதைதான். ப்ராசஸ் செத்தாலும், எழுதக் காத்திருக்கும் தகவலை வைத்திருக்கும் கெர்னலின் கேச் உயிரோடுதான் இருக்கிறது. சாவகாசமாக டிஸ்கில் எழுதிவிடும். ‘இப்போதே டிஸ்கில் எழுது’ என்று சொல்லும் எஃப்சிங்க்கைக் கூப்பிடாத மென்பொருள்கூட இந்தச் சோதனையில் தேறிவிடும். எனவே பவர் கேபிளைப் பிடுங்குங்கள், ஒரு முறை அல்ல, 20 முறை. விஎம்மை (ஒரு மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷினை) அணைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அதைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினின் கேச் காப்பாற்றிவிடலாம்.

அடுத்து, ஃபாலொகேட் கட்டளையால் ஒரு பெரிய ஃபைலை உருவாக்கி டிஸ்கை அடைத்துவிடுங்கள். எழுத மறுத்து எர்ரர் சொல்வது நல்ல நடத்தை. ஒன்றுமே நடக்காததுபோல் ‘சரி’ என்று சொன்னால் அங்கேயே சோதனையை முடித்துக்கொள்ளலாம்.

பேக்கப்பைக் காலி மெஷினில், கடிகாரத்தைப் பார்த்தபடி ரீஸ்டோர் செய்யுங்கள். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப் இருக்கிறது என்றே நம்பியிருந்தார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப்புக்கு ஓடியதோ 9.2-இன் பிஜி டம்ப் கருவி. அது தோற்றுக்கொண்டே இருந்தது, எச்சரிக்கை மின்னஞ்சலும் யாருக்கும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

மின்சாரம் போய் வந்ததும் ரெடிஸில் இருந்த முக்கால் மணி நேரத் தகவலைக் காணோம். அது இன்னும் தயாராகவில்லை என்றுதானே அர்த்தம்?
– வாசகர், திருநெல்வேலி

சொன்னபடிதான் நடந்திருக்கிறது. ரெடிஸ் தகவலை மெமரியில் வைத்து வேலை செய்யும் டேட்டாபேஸ். செட்டிங்கை மாற்றாமல் விட்டால், புதிய வெர்ஷன்களில் அது டிஸ்கில் நகல் எடுப்பது இப்படி: ஒரு மாற்றமாவது இருந்தால் 1 மணி நேரத்துக்கு ஒரு முறை, 100 இருந்தால் 5 நிமிடத்துக்கு, 10 ஆயிரம் இருந்தால் 1 நிமிடத்துக்கு. உங்களுடையது மெல்ல எழுதப்படும் தகவலாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு ஃபைலில் சேர்த்துக்கொண்டே போகும் அப்பெண்ட்ஒன்லியை ஆன் செய்து, விநாடிக்கு ஒரு முறை டிஸ்கில் எழுதும் எவ்ரிசெக்கில் வைத்தால் இழப்பு ஏறக்குறைய 1 விநாடிக்குள் அடங்கும். இதிலும் ஒரு குழி உண்டு. கான்ஃபிக் ஃபைலை மட்டும் திருத்தி ரீஸ்டார்ட் செய்தால், மீதி இருப்பதையும் இழக்க நேரலாம். ஓடும்போதே கான்ஃபிக் செட் கட்டளையால் ஆன் செய்து, இருக்கும் தகவலை அந்தப் புது ஃபைலில் எழுதும் முதல் ரீரைட் முடிந்த பிறகு கான்ஃபிக் ஃபைலிலும் எழுதுங்கள்.

டாக்கரில் லேட்டஸ்ட் டேக் போதுமா?
– வாசகர், சேலம்

போதாது. டாக்கர், மென்பொருளைத் தயார் இமேஜாக எடுத்து ஓட்டும் கருவி; லேட்டஸ்ட் என்ற டேக் எந்த வெர்ஷன் என்று சொல்வதில்லை. முழு வெர்ஷன் எண்ணை எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் மேஜர் வெர்ஷன் மாறி, பழைய டேட்டா டைரக்டரியைத் திறக்க மாட்டேன் என்று டேட்டாபேஸ் நின்றுவிடும்.

எங்கள் அலுவலகத்தில் சர்வருக்கென்று தனி ஆள் இல்லை. எதைத்தான் எடுப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

டெபியன் ஸ்டேபிள், அதோடு வரும் போஸ்ட்கிரெஸ். டெபியனுக்கு 3 ஆண்டு ஆதரவும் அதன்மேல் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவாக 2 ஆண்டும் உண்டு. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு மேஜர் வெர்ஷனுக்கும் 5 ஆண்டு. தேதிகளை முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள், ஆனால் கல்லில் செதுக்கியதாக எண்ண வேண்டாம்: 2029 வரை வரும் என்று நம்பிய சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ், 2021 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது.

பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் போஸ்ட்கிரெஸின் சின்ன வெளியீடுகள் வரும். அவற்றுக்கு டம்ப் எடுத்து ஏற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் ரிலீஸ் நோட்ஸைப் படித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். மேஜர் வெர்ஷன் மாற்றம் தனி வேலை. பிஜி அப்கிரேட் கருவியை லிங்க் முறையில் (ஃபைல்களை நகல் எடுக்காமல் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்ளும்படி) ஓட்டிப் புது சர்வரை ஒரு முறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதற்குத் திரும்ப வழியில்லை. அன்றைக்கு முழு நகல் ஒன்று வேறொரு டிஸ்கில் இருக்கட்டும்.